சேமத் துளை

நற்றிணைக்கும் நன்னூலுக்கும் உரிய இப்பக்கத்திலே மோட்டார் வண்டியின் கியர்த் தண்டுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினவுவது முறையே. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் தமிழிலக்கணம் கற்பித்து வருபவன் நான், வண்டியோட்ட அறியேன், சாரதி அனுமதிப்பத்திரம் என்பதைப் பிறர் கையிற் கண்டதன்றி என் கையில் வைத்திருந்ததில்லை. இத்தகையவன் இப்பொருள்மேல் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒரு வினையெச்சம். என் வாயிலிருந்து பிறந்த அவ்வெச்சம் ஓர் இளைஞனையும் அவன் வண்டியையும் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது. அக்கதையைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல இயலாது.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா என்னும் புயல் நம் நாட்டை அலைக்கழித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 28ஆந் திகதி கிழக்கிலங்கையிற் கரையேறிய அப்புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எங்கள் பதுளை மாவட்டம் மிகக் கொடிதாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைக் கண்ட மக்கள் நாங்கள். ஆகவே மழை இரண்டு நாள் விடாது பெய்தால் தோட்டத்தில் எவரும் உறங்குவதில்லை. நிலத்தில் வெடிப்புக் கண்டால், ஊற்று நீர் கலங்கினால், மரம் சாய்ந்தால், விளக்கை எடுத்துக்கொண்டு வெளியேறுவதே வழக்கம்.

அந்நாட்களில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் நான் அகப்பட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டு மாலையே திரும்பலாம் என்று போனவன், பாதை மூடியதால் அங்கேயே தங்க நேர்ந்தது. இரவு நடுச்சாமத்தில் மேல் லயத்தின் பின்னால் மண் வெடித்திருப்பதாகச் செய்தி வந்தது. மின்சாரம் இல்லை. குழந்தைகளும் முதியோரும் இருளில் படியிறங்கித் தோட்டப் பாடசாலைக்கு வரவேண்டும். என் மாணவர் தம்முடைய சிறிய காரை எடுத்துச் சென்று, மேல்நோக்கி ஏறும் ஒற்றைப் பாதையிலே நிறுத்தி, முன்விளக்குகளை எரியவிட்டார். பெற்றோல் சொற்பமே இருந்தமையால் இயந்திரத்தை அணைத்துவிட்டார். அவ்வெளிச்சத்தில் அன்றிரவு எத்தனைபேர் இறங்கி வந்தனர் என்று நான் எண்ணவில்லை. விளக்கு மங்கி மங்கிப் பொழுது புலரும் வேளையில் அவிந்தது.

விடிந்தபின்னரே இடுக்கண் தொடங்கிற்று. மேலே எஞ்சியிருந்தோரை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ட்ரக்டர் இறங்கி வந்தது. பெட்டியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வலியோடு சாய்ந்திருந்தாள். பாதையின் நடுவே கார். ஒருபுறம் நீர் கசியும் மண்மேடு; மறுபுறம் தேயிலைப் பள்ளம். ட்ரக்டரின் பற்றரியிலிருந்து மின்னைக் கடத்தி உயிர்ப்பிக்கலாமே என்பீர்கள். அதற்குரிய கம்பி எவரிடமும் இல்லை. முப்பதடி கீழே பாதை சற்றே அகன்ற ஓரிடம் உண்டு. அதுவரை வண்டியைக் கையால் இறக்கிவிட்டால் போதும். பத்துப் பன்னிருவர் கைகொடுத்தனர். வண்டி அசையவில்லை. தானியங்கிக் கியர் உடைய வண்டி அது. தண்டு ‘பார்க்’ என்னும் நிலையில் நின்றது. அதனை ‘நியூட்ரல்’ என்னும் நிலைக்குக் கொண்டுவர முயன்றபோது, பாறையில் நட்ட வேல்போல் நின்றது.

இவ்விடத்தில், என்னைப்போல் வண்டியறியாத வாசகருக்காக, பின்னர் நான் கேட்டும் படித்தும் தெளிந்ததைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். பழைய லொறிகளில் கிளச்சை மிதித்துக் கியரை விடுவித்தால் சக்கரம் உருளும். தானியங்கிக் கியர்ப்பெட்டியிலோ, ‘பார்க்’ நிலைக்குத் தண்டைத் தள்ளும்போது, பெட்டியின் உள்ளே ஒரு பற்சக்கரத்தின் இரு பற்களுக்கிடையே சுட்டுவிரல் போன்ற ஓர் இரும்புத் துண்டு வந்து விழுகின்றது. சக்கரங்களோடு தொடர்புடைய அப்பற்சக்கரம் திரும்பாமல் அது தடுக்கின்றது. வண்டி முழுவதின் பாரத்தையும் அந்த விரலளவு இரும்பே சுமக்கின்றது. அதனால்தான் அறிந்தோர், சரிவிலே நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை அதன்மேல் அமரவிட்டு, அதன்பின்னரே தண்டைப் ‘பார்க்’கிற்குத் தள்ளுவர். மாற்றிச் செய்தால் பாரமெல்லாம் அவ்விரும்பின்மேல் இறங்கி இறுகிக்கொள்ளும். எடுக்கும்போது தண்டு முரண்டும்.

இதன்மேல் இன்னொரு பூட்டும் உண்டு. பிரேக்கை மிதித்தாலன்றித் தண்டு ‘பார்க்’கை விட்டு நகராதபடி மின்னால் இயங்கும் பூட்டு அது. இதன் வரலாறு சுவையானது. 1980களில் அமெரிக்காவில் ஔடி வண்டிகள் தாமாகவே பாய்கின்றன என்று பெரும் முறைப்பாடு எழுந்தது. பிரேக் என்று எண்ணி வேகமிதியை மிதித்துவிடுவதே பெரும்பாலான நேர்வுகளுக்குக் காரணம் என்று அந்நாட்டு அரசாங்க ஆய்வு 1989இல் முடிவுகூறிற்று. பிரேக்கின்மேற் கால் இருந்தாலன்றி வண்டி புறப்படலாகாது என்னும் ஏற்பாடு அக்காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. பின்னர், 2008இல் ஒப்பமிடப்பட்ட அமெரிக்கச் சட்டமொன்று, 2010 செப்டெம்பர் முதலாந் திகதி தொட்டுச் செய்யப்படும் தானியங்கி வண்டிகளில் இப்பூட்டைக் கட்டாயமாக்கிற்று. வண்டிக்குள் ஏறி விளையாடும் குழந்தை தண்டை இழுத்துவிடக் கூடாதே என்னும் கவலை அச்சட்டத்தின் பின்னால் இருந்தது. குழந்தையைக் காக்க வந்த பூட்டு இது. ஆனால் பற்றரி செத்தாலோ, பிரேக் விளக்கின் பியூஸ் எரிந்தாலோ, மிதியின் அடியிலுள்ள சிறு ஆளி பழுதானாலோ, பூட்டுக்குச் செய்தி எட்டாது. எத்தனை முறை மிதித்தாலும் அது வாளாவிருக்கும்.

செய்தவர்கள் இதையும் எண்ணியே இருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் தண்டின் அருகே நகத்தளவான ஒரு மூடி இருக்கும். அதனைப் பெயர்த்தால் உள்ளே ஒரு துளை. அதில் திறப்பையோ சிறு திருப்புளியையோ விட்டு அழுத்தினால், மின் இல்லாமலே பூட்டு விடுபடும், தண்டு நகரும். சில வண்டிகளில் துளைக்குப் பதில் ஒரு குமிழ் இருக்கும். (பொத்தானை அழுத்திப் ‘பார்க்’ செய்யும் பிரியஸ் போன்ற வண்டிகளுக்கு இவ்வழி பயன்படாது, அவற்றுக்குப் பற்றரிக்கு உயிரூட்டுவதொன்றே வழி என்பர்.) நகத்தளவான அம்மூடியைப்பற்றி அன்று அங்கு நின்றவருள் ஒருவருக்கும் தெரியாது, அவ்வண்டியை நான்காண்டு ஓட்டிய என் மாணவர் உட்பட. அவரைக் குறைசொல்ல மாட்டேன். யப்பானிலே ஒருவர் ஓட்டிக் கழித்து இங்கு வந்த வண்டி அது. அதனோடு வந்த கையேடு யப்பானிய மொழியில் இருந்தது.

தொலைபேசிக்குச் சைகை கிட்டும் இடம், நல்லூழாக, காரின் பின்புறத்து வளைவிலேயே இருந்தது. பதுளை நகரில் மாணவருக்குத் தெரிந்த சிங்கள மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். அவர் தமிழ் அறியார். மாணவர் வண்டிக்குள் அமர்ந்திருந்தார். நான் வெளியே மழையில் நின்று, சிங்களத்தில் கேட்பதைத் தமிழாக்கிச் சன்னல்வழியே சொன்னேன். மூடியைக் கண்டோம், பெயர்த்தோம், துளையில் பேனாக்கத்தியின் முனையை விட்டார். அடுத்த வாக்கியத்தில்தான் நான் தவறினேன்.

“பிரேக்கை மிதித்து, கத்தியை அழுத்தி, தண்டை இழும்!” என்றேன்.

அவர் என் நல்ல மாணவர். சொன்னதைச் சொன்னபடி செய்தார். மிதித்தார், மிதித்து முடித்தார், காலை எடுத்தார். கத்தியை அழுத்தினார். தண்டை இழுத்தார். அது விடுபட்டது. கைப்பிரேக் ஏறியே இருந்தது; ஆனால் தேய்ந்த பழங்கம்பி, அச்சரிவையும் அச்சேற்றையும் தாங்கவில்லை. வண்டி ஒரு முனகலோடு பின்னோக்கி நழுவிற்று.

ஒரு சாண் தூரம். அவ்வளவே. பின்சக்கரத்தின் கீழ் ஒரு கருங்கல் இருந்தது. அக்கல்லை வைக்கும்படி மெக்கானிக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கூட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர், இளமையில் தேயிலை லொறியில் கிளீனராக இருந்தவராம், வண்டியைத் தள்ளத் தொடங்கும் முன்னரே இரண்டு கற்களைக் கொணர்ந்து இரண்டு பின்சக்கரங்களுக்கும் கொடுத்துவிட்டுத் தம்பாட்டில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். “தம்பி, மிதிச்ச காலை எடுத்துராதீங்க; மிதிச்சிக்கிட்டே இருங்க” என்று அவர் வண்டிக்குள் குரல் கொடுத்தார். பிறகு என்பக்கம் திரும்பி, “வாத்தியாரய்யா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. வண்டிக்கு நேர பின்னாடி நிக்கிறீங்க” என்றார்.

நின்றிருந்தேன். வண்டி உருண்டிருந்தால் முதலில் என்மேலேதான் ஏறியிருக்கும். அதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

அதன்பின் நடந்ததை விரிக்க வேண்டுவதில்லை. அம்முதியவரே தலைமை ஏற்றார். மாணவர் பிரேக்கைச் சிறிது சிறிதாக நெகிழ்த்த, பத்துப்பேர் வண்டியை முன்புறத்துக் கயிற்றால் தாங்க, முதியவர் கல்லை முழம் முழமாகப் பின்தள்ளிக்கொண்டே வர, வண்டி அகன்ற இடத்தை அடைந்தது. இயந்திரம் ஓடாதபோது பிரேக்கு மிதி கல்லாய் இறுகும் என்பதையும், திசைமாற்றும் வளையம் கனக்கும் என்பதையும் அப்பொழுதுதான் மாணவர் கண்டார். சாவி திருப்பிய நிலையில் இருந்தமையால் வளையமாவது பூட்டிக்கொள்ளாதிருந்தது. ட்ரக்டர் கடந்து சென்றது. பிரதான பாதையில் மண் விழுந்த இடத்தில் அப்பெண்ணைக் கதிரையில் வைத்துச் சுமந்து, மறுபுறம் நின்ற வாகனத்தில் ஏற்றினராம். பதுளையில் ஆண்குழந்தை பிறந்ததாகப் பின்னர் கேள்வியுற்றேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மலைச்சரிவைக் குறித்த அச்சத்திலும், என் வாக்கியத்தைக் குறித்த நாணமே மிகுதியாக இருந்தது. மெக்கானிக் சொன்னது என்ன? ‘பாகாகென’ என்றார். ‘பாகலா’ என்றிருந்தால் ‘மிதித்து’ அல்லது ‘மிதித்துவிட்டு’ என்று ஆகும். ‘கென’ என்பது ‘கொண்டு’. சிங்களத்தில் அச்சொல்லின் அடிப்பொருளும் எடுத்தல், கொள்ளுதல் என்பதே. நம் ‘கொண்டு’ என்பதன் அடிப்பொருளும் அதுவே. இரு வேறு குடும்பத்து மொழிகள், ஒரே தீவிலும் அண்டைக்கரையிலும் நெடுங்காலம் பழகி, ஒரே வகையாகச் செயலின் தொடர்ச்சியைக் காட்டக் கற்றிருக்கின்றன. அவர் எனக்கு மிகத் தெளிவான ‘மிதித்துக்கொண்டு’ என்பதைத் தந்தார். நானோ செய்யுள் நடையின் சுருக்கத்தில் ஊறிய நாவால் அதனை ‘மிதித்து’ என்று குறுக்கினேன். ‘கொண்டு’ என்பது வழக்கிலே வந்து ஒட்டிய துணைவினை, செப்பமான நடைக்கு மிகை என்று எத்தனை மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்! அன்று அடித்தது மையால் அன்று.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணும்போது ‘செய்து’ என்பதையே முதற்கண் வைத்தார். அவ்வாய்பாடு முற்பட்ட செயலைக் காட்டும். அதன் வினைமுதலே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகும். ‘உண்டு வந்தான்’ என்றால் உண்டல் முடிந்தது, வந்தல் தொடர்ந்தது, இரண்டையும் செய்தவன் ஒருவனே. ஒரு கருவியை இயக்கக் கற்பிக்கும் உரைக்கு இதனினும் வாய்ப்பான அமைப்பை எம்மொழியிலும் காணல் அரிது என்பேன். இதைச் செய்து, இதைச் செய்து, இதைச் செய்க என்னும்போது வரிசை தானே அமைகின்றது. ‘முன்னர்’, ‘பின்னர்’ என்று முட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வலிமையே ஆபத்துமாகும். ‘செய்து’ என்று சொல்லிவிட்டால் முதற்செயல் முடிந்துபோகின்றது. முடியாமல் நீடிக்க வேண்டிய செயலுக்குச் ‘செய்துகொண்டு’ என்றோ ‘செய்தபடி’ என்றோ சொல்லியே ஆகவேண்டும். கல் வைப்பவரும் தண்டை இழுப்பவரும் வெவ்வேறானவர் எனின், அங்கே ‘கல்லை வைத்து இழு’ என்பதும் பிழை. ‘ஒருவர் கல்லை வைக்க, மற்றவர் இழுக்க’ என்று செயவென் எச்சம் வரல்வேண்டும். இலக்கணம் கற்பித்த எனக்கு இவை தெரியாதனவல்ல. தெரிந்தும் பயன்படவில்லை என்பதே குற்றம். கற்பித்த இடமெல்லாம் கோவலனும் கண்ணகியும் உண்டு வந்தார்களேயன்றி, யாரும் பிரேக்கை மிதித்துக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை.

வெளிநாட்டார் இதனை எளிதாக எண்ணவில்லை. 1980இல் அமெரிக்காவின் போர்ட் நிறுவனத்து வண்டிகள் ‘பார்க்’ நிலையிலிருந்து தாமாகப் பின்கியருக்கு நழுவுகின்றன என்னும் முறைப்பாடு முற்றி, அரசாங்கத்தோடு அந்நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி 2 கோடி 30 இலட்சம் வண்டிகளின் உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது என்ன தெரியுமா? ஒரு சீட்டு. தண்டு ‘பார்க்’கில் முழுதாக விழுந்ததா என்று பாருங்கள், கைப்பிரேக்கை இடுங்கள், இயந்திரத்தை அணையுங்கள் என்று முன்தட்டில் ஒட்டுவதற்கான ஒரு சீட்டு. இரும்பைத் திருத்த வேண்டிய இடத்தில் காகிதத்தைக் கொடுத்தனர் என்று பலர் கண்டித்தனர்; கண்டித்தது நியாயமே. ஆயினும் சில சொற்களின் வரிசைக்கு அத்தனை உயிர்களின் பாரத்தைச் சுமக்கும் பொறுப்பை ஒரு பேரரசு கொடுத்தது என்பதையும் நாம் காணவேண்டும். 2016 ஜூன் 19ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அன்ரன் யெல்சின் என்னும் இளம் நடிகர், தம் வீட்டுச் சரிவுப் பாதையில் நின்ற ஜீப் உருண்டு வந்து நசுக்க மாண்டார். அவ்வகை வண்டிகளின் தண்டு எந்நிலையில் உள்ளது என்று ஓட்டுவோர்க்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்று கண்டு, அவ்வாண்டு ஏப்ரலிலேயே 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளிவந்திருந்தது. சமதரையில் இவை சிறு பிழைகள். சரிவில் அப்படியன்று. எங்கள் ஊவாவில் சமதரை எங்கே இருக்கிறது?

இனி என் கருத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பழைய வண்டிகளே மலையேறி இறங்கின, பற்றரிகள் மூப்படைந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து, ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வணிகராகவும் ஆகி, கடன்பட்டு வாங்கிய சிறு கார்கள் இன்று லயத்து ஓரங்களிலும் நிற்பதைக் காண்கிறோம். காண எனக்கு உவகையே. ஆனால் அவ்வண்டிக்குள் இருக்கும் ஒரு சொல்லாவது தமிழில் இல்லை. சாரதிப் பரீட்சை வினாத்தாள் தமிழில் உண்டு. வீதிச் சமிக்ஞைகளைத் தமிழிற் கற்கலாம். வண்டி சரிவில் செத்துக் கிடக்கும்போது செய்யவேண்டியதை எந்தத் தமிழில் கற்பது? இதனைத் தமிழில் எழுதவேண்டிய கடமை மெக்கானிக்குக்கு உரியதென்று தமிழாசிரியரும், தமிழாசிரியருக்கு உரியதென்று மெக்கானிக்கும் இருந்தால் அந்தக் கையேடு யப்பானிய மொழியிலேயே இருக்கும்.

இப்பணி பண்டிதருக்கு இழுக்கு என்று கருதுவோருக்கு ஒன்று சொல்வேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். நரம்புக்கும் எலும்புக்கும் சொல் தேடியபோது அவர்க்குத் துணைநின்றோர் இம்மண்ணின் தமிழ் கற்றோர். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் நம் விபுலாநந்த அடிகள். யாழ்நூல் எழுதிய கைக்கு இரசாயனச் சொற்களும் கைவந்தன. அவர்கள் வழியை விட்டு, தொகைநூற் கடலிலேயே நாம் முத்துக்குளித்துக்கொண்டிருப்பது எளிய வாழ்வு. நானும் அவ்வெளிய வாழ்வே வாழ்ந்தேன்.

சொல்லைத் தேடப் புகுந்தபோது தொகைநூலே கைகொடுத்தது என்பது வேறு. புறநானூற்றில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஓர் உவமை கூறுவார். நுகம் பழகாத இளங்காளைகள். பண்டம் நிறைந்த வண்டி. வழியோ பள்ளமும் மேடும். எங்கே என்ன நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகர், வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வராம். அதற்குப் பெயர் சேம அச்சு. நேரக்கூடிய இடரை முன்னரே எண்ணி, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், ஒருநாளும் பயன்படாமற் போனாலும் போகட்டும் என்று வைத்த ஒன்று அது. கியர்த் தண்டின் அருகே மூடிக்குள் இருக்கும் துளையும் அத்தகையதே. அதற்குச் ‘சேமத் துளை’ என்று பெயரிட்டேன். என் சக ஆசிரியர் ஒருவர், “அந்தப் பெயரைச் சொன்னால் எந்த றைவருக்கு விளங்கும்?” என்று நகைத்தார். விளங்காவிட்டால் அவர்களே வேறு பெயர் இடுவர். அதையே நானும் எழுதுவேன். ‘லொக் ஓட்டை’ என்று இட்டாலும் சரியே. பெயரில்லாத பொருளை இருட்டில் தேட முடியாது என்பதே என் கவலை.

இன்னொரு சொல்லுக்கும் வழக்குப் பேச வேண்டும். தேர்த்திருவிழாவில் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டை முட்டுக்கட்டை. அதைக் கொடுப்பவர் இல்லாவிட்டால் தேர் ஓடாது, ஓடினால் நில்லாது. அச்சொல்லை எடுத்துக்கொண்டு, முன்னேற்றத்தைத் தடுப்பவர்க்கெல்லாம் “முட்டுக்கட்டை போடுகிறார்” என்று மேடைதோறும் வசைபாடுகிறோம். சமவெளியில் வாழ்ந்த பேச்சாளர் ஆக்கிய வசை என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த முதியவர் போட்டது முட்டுக்கட்டைதான்.

பூட்டை ஏமாற்றும் வழியை ஊரறியச் சொல்வது சரியா, குழந்தைகள் கற்றுக்கொண்டால் என்னாகும், என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். மறுக்க முடியாத கேள்வி. குழந்தையைத் தனியே வண்டிக்குள் விடலாகாது, திறப்பை அதில் விட்டுச் செல்லலாகாது என்பவற்றைத்தான் விடையாகச் சொன்னேன். அவர் முழுதும் உடன்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இடர்க்காலத்தில் அறியாமையால் செய்யப்படுவது இதனினும் கேடானது. கல் கொடாமல், கைப்பிரேக் இடாமல், காலை மிதியில் வைக்காமல் அத்துளையை அழுத்துபவன் தன் வண்டியை மலைக்கே ஒப்படைக்கிறான். ஆகையால் துளையைமட்டும் சொல்லி நிறுத்துவது கூடாது. சொன்னால் வரிசை முழுவதையும் சொல்லவேண்டும்.

ஜனவரியில் பாடசாலை திறந்தபின், பத்தாந் தரத்துக்குக் கட்டுரைப் பாடத்தில் இதனையே பயிற்சியாகக் கொடுத்தேன். சரிவில் நின்றுபோன தானியங்கி வண்டியைக் கையால் நகர்த்தும் முறையை ஐந்தாறு வாக்கியங்களில், வண்டியறியாத ஒருவர் படித்துச் செய்யத்தக்கதாக எழுதுக. முப்பத்தொரு விடைகள் வந்தன. இருபதுக்கு மேற்பட்டவற்றில் வண்டி பள்ளத்துக்குப் போயிற்று. ஒருவன் தண்டை விடுவித்தபின் கல் வைத்தான். ஒருத்தி வண்டியின் நேர் பின்னால் எல்லாரையும் நிறுத்தினாள், தன் ஆசிரியரைப்போல. நடை அழகாக இருந்த விடைகளே பெரும்பாலும் ஆபத்தானவை.

பின்னர் கரும்பலகையில் என் விடையை எழுதினேன். முதலில் ஒருவர் சக்கரங்களுக்குச் சரிவின் கீழ்ப்புறத்தில் பெருங்கற்களை வைக்க, சாரதி கைப்பிரேக்கை இறுக இழுத்து, சாவியைத் திருப்பி, பிரேக்கை அழுந்த மிதித்துக்கொண்டு, சேமத் துளையைத் திறப்பால் அழுத்தியபடி தண்டை ‘நியூட்ரல்’ நிலைக்குக் கொணர்க. எவரும் வண்டியின் கீழ்ப்புறத்தில் நில்லற்க. தண்டு இறுகியிருப்பின், பக்கவாட்டில் நிற்போர் வண்டியைச் சிறிது மேல்நோக்கித் தள்ளிப் பாரத்தைத் தளர்த்துக. வண்டி உரிய இடத்தை அடையும்வரை மிதியிலிருந்து காலை எடாதிருக்க. எழுதி முடித்து, எச்சங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்து, திருப்தியோடு திரும்பினேன்.

பின்வாங்கில் இருந்த மாணவி எழுந்தாள். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருபவள். தந்தை தோட்டத்து லொறிச் சாரதி.

“ஐயா, வண்டியை இறக்கினதுக்குப் பிறகு?”

“பிறகென்ன?”

“தண்டை மறுபடி பார்க்கில போடச் சொல்லலையே, ஐயா. கல்லையும் எடுத்துட்டாங்கன்னா?”

சுண்ணக்கட்டியை அவளிடமே கொடுத்தேன்.